மாற்றம்: இல்லை

எரிமோ முனைக்கு இரண்டு ஊர் முன்னால்
கடலுக்கு முதுகு காட்டி நிற்கிறது அந்த வீடு.
நாலு வாரத்துக்கு ஒரு வியாழன்,
பத்தொன்பது வருடமாக
என் சின்னக் கார் அதன் வாசலில் நிற்கும்.
குளிர்காலத்தில் வைப்பரை நிமிர்த்தி வைத்துவிட்டு இறங்குவேன்,
கண்ணாடியோடு உறைந்து ஒட்டிக்கொள்ளாமலிருக்க.

நுமாதா கதவைத் திறப்பார்.
"மேஸ்திரி தூங்குகிறார், மெதுவாகப் பேசுங்கள்" என்பார்.
இல்லாவிட்டால்
"மேஸ்திரிக்கு இன்று கோபம், சீக்கிரம் குத்திவிட்டுப் போங்கள்."

மேஸ்திரி யாரென்று கோப்பில் இருக்கிறது.
இருபத்திரண்டு வயதில், மீன் டப்பா ஆலையின் இரவு வேலையில்
முதன்முதலாகக் கேட்ட குரல்.
ஆலையை எப்போதோ மூடிவிட்டார்கள்.
குரலுக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை.
மருந்து அதைச் சன்னமாக்கியது,
அடுத்த வீட்டு வானொலி அளவுக்கு.
அணைக்கவில்லை.

என் வேலை இவ்வளவுதான்:
எடை. இடுப்பளவு. நாடி.
"நாக்கை நீட்டுங்கள்." நீட்டுவார்.
தானாக நெளிகிறதா என்று பார்ப்பேன்.
நீட்டிய விரல்களின் மேல் ஒரு தாளை வைப்பேன்,
தாள் ஆடுகிற அளவு நடுக்கம்.
குளிர்பெட்டியைத் திறக்கலாமா என்று கேட்பேன்.
பால் தேதி தாண்டியிருந்தால்
அதைப் பற்றிப் பேசுவோம். பாலைப் பற்றி மட்டும்.
கடைசியில் ஊசி.
ஒருமுறை இடது, ஒருமுறை வலது.

திரும்பி வந்து படிவத்தில்
"மாற்றம்" என்கிற கட்டத்துக்குள் எழுதுவேன்:
இல்லை.

இல்லை என்று நான் எழுதிய மாதங்களில்
அவர் அக்கா சப்போரோவில் செத்துப்போனார்.
பேருந்தில் தனியாகப் போய்த் தனியாக வந்தார்.
தனியாக இல்லை,
இரண்டு டிக்கெட் எடுத்தார் என்று ஓட்டுநர் சொன்னார்.
ஜூலை வந்தால் விடியுமுன் எழுந்து
கொம்புப் பாசி காயப்போடக் கரைக்குப் போனார்,
கூலியாகக் கிடைத்த பாசியில் ஒரு கட்டு எனக்குத் தந்தார்.
வாங்கக் கூடாது என்பது விதி.
சூப்பில் போட்டுக் குடித்தேன்.

ஒரு மார்ச்சில்
இடுப்பளவு தண்ணீர்வரை கடலுக்குள் நடந்துபோய்
திரும்பி வந்து
சொட்டச் சொட்ட நின்று எனக்குப் போன் செய்தார்.
அந்த மாதம் மட்டும் கட்டம் போதவில்லை, தாள் ஒட்டினேன்.
இரண்டு மாதம் தாள் ஒட்டினேன்.
ஜூனில் மறுபடி எழுதினேன், பேனாவை அழுத்தி:
இல்லை.

இப்போது மாற்றம் எனக்கு.
குஷிரோ மருத்துவமனைக்கு, ஏப்ரலிலிருந்து.

ஹத்தகெயாமாவைக் கூட்டிப்போனேன்.
என்னைவிட ஆறு வயது மூத்தவர்,
லாரி ஓட்டி ஓட்டி, நாற்பது தாண்டி
நர்ஸிங் படிக்க வந்தவர்.
நுமாதா நான்கு கோப்பை வைத்தார்.
காலி மெத்தையைக் காட்டி, "இவர்தான்" என்றார்.

இதற்கு எங்களுக்குப் பாடம் உண்டு.
ஆமாம் போடாதே. மறுக்கவும் செய்யாதே.
நடுவில் எங்கே நிற்பது என்று அதில் இல்லை.
நான் தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஹத்தகெயாமா தன் பெரிய கைகளை முட்டிமேல் வைத்து
"எனக்குக் கேட்காது. பரவாயில்லையா?" என்றார்.

நுமாதா தலையைச் சாய்த்தார்.
மண்ணெண்ணெய் அடுப்பு ஒருமுறை அணைந்து பற்றியது.
"கேட்காதவர்களோடு பழக்கம்தான் என்கிறார்."

ஊசி மருந்தை ஹத்தகெயாமா ஏற்றினார். வலது, என்றேன்.
"இடது" என்றார் நுமாதா.
"போன தடவைதான் வலது. பனி கொட்டின அன்றைக்கு."
கோப்பைப் புரட்டினேன்.
இடதுதான்.

வெளியே வந்தால்
வைப்பரை நிமிர்த்த மறந்திருக்கிறேன்.
நுமாதா தன் பஸ் அட்டையை எடுத்துவந்தார்.
ஆளுக்கொரு பக்கமாகச் சுரண்டினோம், மூன்று பேர்.
நாலாவது ஆள் உள்ளேயே இருந்துகொண்டார்.
குளிர் ஆகாதாம்.